விடையைப் பார்த்துப் போட்ட கணக்கு

என் தந்தையார் 36 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றியவர். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சாகியிருக்கும் அல்லவா? பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மாணவர்களின் புத்தகங்களை வாங்கி, அந்தப் பக்கங்களை ஊசி நூலால் சேர்த்துத் தைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆண்டின் இறுதியில்தான் தையல் பிரிக்கப்படும். விடையை முன்னதாகப் பார்த்துவிட்டவன் அதற்கேற்ப வழியை வளைப்பான் என்பது அவருடைய துணிபு. விடை தப்பாக வந்த மாணவனைக்கூட அவர் மன்னித்துவிடுவார். இடையில் ஓர் எண்ணைத் திருத்தி விடையைச் சரிக்கட்டிய மாணவனை மன்னித்ததாக எனக்கு நினைவில்லை.

இராதாபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்று எங்கள் ஊர். மின்விளக்குகள் வீடுகளுக்கு வராத காலம் அது. தை மாதத்து முன்னிரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, தலைக்கு நேரே சற்று வடக்கே தெரியும் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி, "எத்தனை தெரியுது, எண்ணு" என்பார் அப்பா. ஆறு என்பேன். அறுமீன் என்று நம் முன்னோர் பெயரிட்டதும் அந்த ஆறைக் கண்டுதான். ஒரு நாள், அவரை மகிழ்விக்க எண்ணி, ஒன்பது என்று சொன்னேன். "எந்தெந்த ஒன்பது? விரலை வைத்துக் காட்டு" என்றார். நான் விழித்தேன். அன்று அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றது 2020-இல். பெருந்தொற்றால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்துகிடந்த ஆண்டு. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று மாலை வியாழனும் சனியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாற்போல மேற்கே தோன்றின. இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு பாகை இடைவெளிதான். என் மகன் பயன்படுத்தாமல் போட்டுவைத்திருந்த பழைய கேனன் ஒளிப்படக் கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். படத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன. கை நடுங்கியதால் அவையும் இரண்டு வால்களாக நீண்டிருந்தன. ஆயினும் அந்தப் பொட்டுகளை நான் பிடித்தேன் என்ற பெருமிதம் என்னை விட்டுப் போகவில்லை. அறுபது வயதில் தொற்றிக்கொள்ளும் பித்து எளிதில் தெளியாது என்பதை என் மனைவி சொல்லக் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் என் படங்களில் விண்மீன்கள் எல்லாம் அரிசியாகவே விழுந்தன. காரணம் எளியது. மண்ணுலகு சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. மங்கலான பொருளைப் பிடிக்கக் கருவியின் கண்ணை நீண்ட நேரம் திறந்துவைக்க வேண்டும். திறந்துவைத்தால் விண்மீன் கோடாகிவிடும். 500 என்ற எண்ணை ஆடியின் குவியத் தொலைவால் வகுத்தால் எத்தனை நொடி திறந்துவைக்கலாம் என்பது வரும் என்றொரு கைக்கணக்கு உண்டு. என்னுடையதைப் போன்ற சிறிய உணரி கொண்ட கருவிக்கு அதை மேலும் 1.6-ஆல் வகுக்க வேண்டும். என்னிடம் இருந்த 135 மில்லிமீட்டர் ஆடிக்கு இரண்டு நொடிக்குச் சற்று மேல்தான் வந்தது. இரண்டு நொடியில் எந்த ஒண்முகில் வந்து விழப்போகிறது?

மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு செய்தி கிடைத்தது. மிருகசீரிடப் பகுதியிலுள்ள ஓரியன் ஒண்முகிலை முதன்முதலில் ஒளிப்படமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 இரவு, 11 அங்குலத் தொலைநோக்கியை வானத்தோடு நகர்த்திக்கொண்டே 51 நிமிடம் தட்டைத் திறந்துவைத்தார். அந்தப் படத்தை இன்று பார்த்தால் புகைபடிந்த கண்ணாடி போலத்தான் இருக்கிறது. ஆனாலும் உலகம் அதைப் போற்றியது. எனவே நானும் வானத்தோடு நகர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. இரண்டு பலகைகளைக் கதவுக் கீலால் இணைத்து, கீலிலிருந்து 228 மில்லிமீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு மில்லிமீட்டர் மரையுள்ள திருகாணியைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகினால், மேற்பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். எங்கள் ஊர்த் தச்சர் ஒரே பகலில் செய்து கொடுத்தார். "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். சொன்னேன். கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படம் வந்தால் காட்டச் சொன்னார்.

கீலின் அச்சு வானத்தின் வடமுனையை நோக்கியிருக்க வேண்டும். மேலை நாட்டார்க்குத் துருவமீன் உயரத்தில் நின்று வழிகாட்டுகிறது. நமக்கோ அது தொடுவானத்திலிருந்து எட்டுப் பாகை உயரம்தான்; எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பனந்தோப்புக்குப் பின்னே மறைந்துவிடும். காணாத துருவமீனைக் காந்த ஊசியையும் பள்ளிக்கூடக் கோணமானியையும் நம்பித்தான் குறிபார்க்க வேண்டியிருந்தது. கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தபடி, 15 நொடிக்குக் கால் சுற்றாக ஆணியைத் திருகிக்கொண்டு நின்ற இரவுகள் பல. தெற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மினுங்கிக்கொண்டிருக்கும். தெருவில் புதிதாக வந்த வெள்ளை விளக்கை மறைக்கக் கைப்பிடிச் சுவரில் சாக்குப் படுதா கட்டினேன். களவு போகாமல் காவல் காக்கிறேன் என்று அக்கம்பக்கத்தார் எண்ணியிருக்கக்கூடும்.

படம் எடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி கணிப்பொறியின் முன்னால். கருவி பதிவு செய்யும் மூலக்கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 16,384 படிகளில் ஏதேனும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். ஒண்முகிலின் ஒளியோ அடியிலுள்ள சில நூறு படிகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். திறந்து பார்த்தால் கறுப்புத் தாள்போலத்தான் தோன்றும். அந்த அடிப்படிகளை மட்டும் மேலே இழுத்து விரிக்க வேண்டும். இழுக்கும்போது கருவியின் இரைச்சலும் உடன் எழும். இரைச்சலை அடக்க, ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து அடுக்கிச் சராசரி காண்பது வழி. 64 படங்களை அடுக்கினால் எட்டு மடங்கும், 100 படங்களை அடுக்கினால் பத்து மடங்கும் தெளிவு கூடும். செயற்கைக்கோள் ஒன்று குறுக்கே கிழித்த கோடு ஒரு படத்தில்தான் இருக்கும். மற்றவற்றோடு ஒப்பிட்டு நிரலே அதைத் தள்ளிவிடும். ஆடியை மூடிவைத்துச் சில இருட்படங்கள் எடுத்துக் கருவியின் சொந்தப் புள்ளிகளைக் கழிக்க வேண்டும். ஆடியின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி விடியல் வானத்தை எடுத்து, ஓரங்களில் படியும் இருளையும் தூசித் தழும்புகளையும் நீக்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்தியது அப்பாவின் பழைய எட்டுமுழ வேட்டி. இவற்றையெல்லாம் செய்துதரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் பெயர்களைச் சொல்லி வாசகரை அலுப்பூட்ட விரும்பவில்லை.

இதற்கிடையில் அப்பாவின் பார்வை குன்றத் தொடங்கியிருந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது என்றார் மருத்துவர். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துவிடும். சுற்றியுள்ளவை மட்டும் தெரியும். எழுத்து போயிற்று. பிறகு முகங்கள் போயின. ஒரு நாள் மாடியில் என்னருகே அமர்ந்திருந்தவர், "கார்த்திகை எங்கே நிக்குது?" என்று கேட்டார். அது அவர் தலைக்கு மேலே இருந்தது.

அவருக்காகக் கார்த்திகையைப் பெரிதாகப் படமெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அன்று தீர்மானித்தேன். அந்தக் கூட்டத்தில் உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவு. அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றிய காலத்தையொட்டிப் புறப்பட்ட ஒளிதான் இப்போது நம் கண்ணில் படுகிறது என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் மிகவும் மகிழ்ந்தார். அக்கூட்டம் இப்போது ஒரு தூசி மண்டலத்தினூடே சென்றுகொண்டிருக்கிறது. அந்தத் தூசி விண்மீன்களின் நீல ஒளியைச் சிதறடிப்பதால் அவற்றைச் சுற்றி நீலத் திரை தொங்கும். பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களில் அதைப் பார்த்திருக்கிறேன்; தறியில் நெய்த பட்டு நூல்கள் போலிருக்கும். அந்த நீலத்தைத்தான் அப்பாவுக்குக் காட்ட விரும்பினேன்.

2023 தை மாதத்தில் எனக்குக் கிடைத்தவை மேகமில்லாத இரண்டே இரவுகள். இருபது நொடிப் படங்கள் 64 தேறின. மொத்தம் 21 நிமிட ஒளி. அடுக்கினேன், இழுத்தேன். விண்மீன்கள் அழகாகவே வந்தன. நீலமோ, மெரோப்பி என்னும் விண்மீனருகே மூச்சுப் பட்ட கண்ணாடிபோல ஒரு மங்கல், அவ்வளவுதான். மேலும் இழுத்தேன், இரைச்சல் மணல்போல எழுந்தது. அப்பாவின் கண் மருத்துவம் அடுத்த வாரம். அதற்குமுன் படத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

அன்றிரவு நான் செய்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். பெரிய தொலைநோக்கி எடுத்த படமொன்றைத் திரையின் ஒரு பாதியில் திறந்துவைத்தேன். என் படத்தை மறுபாதியில் வைத்தேன். நீலத் தூரிகையை மிக மெல்லியதாக்கி, அங்கே இருந்த திரைகளை இங்கே தீட்டினேன். முதலில் ஏற்கெனவே மங்கல் இருந்த இடத்தில் மட்டும். பிறகு பக்கத்தில். பிறகு மையா விண்மீனைச் சுற்றி. "அங்கே உண்மையில் இருப்பதைத்தானே தீட்டுகிறேன், இல்லாததையா?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கோப்பைச் சேமித்தபோது, எது என் கருவி கண்டது, எது என் கை போட்டது என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை.

நாகர்கோவிலில் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். முகத்தை ஒருபுறம் திருப்பி, ஓரக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார். நீலம் தெரிகிறது என்றார். வந்தவர்க்கெல்லாம் காட்டினார். "என் மகன் பலகையும் ஆணியும் வைத்து எடுத்தது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் அடுக்களைப் பக்கம் போய்விடுவேன். தச்சர் வந்து பார்த்துவிட்டு, கொடுத்த பாதிக் கூலியையும் திருப்பித் தர முன்வந்தார்.

எதிர்வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மாலையில் அப்பாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்ட வருவாள். ஒரு நாள் நூலகத்திலிருந்து அறிவியல் நூலொன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதில் கார்த்திகையின் படம். எழுந்து போய்ச் சுவரில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "தாத்தா, மாமா எடுத்த படமும் இந்தப் படமும் அப்படியே ஒண்ணா இருக்கு. இந்தச் சின்ன மடிப்புகூட இங்கேயும் இருக்கு" என்றாள். அவள் குரலில் வியப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்பாவின் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பி, "பாத்தியா ஐயா? விடை சரியா இருக்கு" என்றார்.

அவர் அதை வேறெந்தச் சொற்களால் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

அதன்பின் பல வாரங்கள் கருவியைத் தொடவில்லை. எனக்கு நானே வழக்காடிக்கொண்டிருந்தேன். படத்தை மெருகூட்டாதவர் யார்? ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த புகழ்பெற்ற தூண்களின் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும், ஐதரசனுக்குப் பச்சையும், ஆக்சிசனுக்கு நீலமும் மனிதர் தேர்ந்து கொடுத்த நிறங்கள்தாமே? ஆம், ஆனால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியே வெளியிட்டார்கள். தூணின் வடிவத்தை எவரும் தீட்டவில்லை. சரி, கண்ணுக்குத் தெரியாத நிறத்தை வெளிக்கொணர்வதே பொய்யல்லவா? அதுவும் இல்லை. மங்கிய ஒளியில் நிறமறியும் ஆற்றல் நம் கண்ணுக்குக் கிடையாது. குறை கண்ணினுடையது, நீலத்தினுடையது அன்று. 1885-இல் பாரிசில் ஆன்ரி சகோதரர்கள் கார்த்திகையைப் படமெடுத்தபோது மையாவைச் சுற்றிய ஒண்முகில் முதன்முதலில் ஒளிப்படத் தட்டில்தான் வெளிப்பட்டது. அதற்குமுன் எந்தக் கண்ணும் அதைக் கண்டறிந்து சொன்னதில்லை. தட்டு கண்டது, அவர்கள் அதை நம்பினார்கள். அதே மையாவைச் சுற்றி நான் தூரிகையால் தீட்டினேன். இருளுக்குள் இருப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் உரக்கச் சொல்லலாம். என் கருவி சொல்லாததை அதன் வாயில் நான் வைத்துவிட்டேன். தீட்டியது உண்மையான வானத்தின் வடிவம் என்பதால் குற்றம் குறையவில்லை. விடையைப் பார்த்துக் கணக்குப் போடுபவனின் விடையும் எப்போதும் சரியாகவே இருக்கும்.

அடுத்த தைக்காகக் காத்திருந்தேன். 2024 சனவரியிலும் பிப்ரவரியிலுமாக ஐந்து இரவுகள் வானம் இடங்கொடுத்தது. தச்சரிடம் சொல்லிப் பலகையின் ஆட்டத்தைச் சரிசெய்தேன். 30 நொடி வரை விண்மீன் பொட்டாகவே நின்றது. 412 படங்கள் எடுத்தேன். காற்றில் அசைந்தவை, ஆணியை நான் தப்பாகத் திருகியவை, பனிநீர் ஆடியில் படிந்தவை என 120 படங்களைத் தள்ள வேண்டியதாயிற்று. மீந்தது 2 மணி 26 நிமிட ஒளி. அடுக்கி முடித்த கோப்பைத் திறக்கும்போது, அந்தப் பெரிய தொலைநோக்கிப் படங்கள் எவையும் வீட்டில் என் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொண்டேன். புத்தகத்தைத் தைத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

மெரோப்பியின் கீழே நீலம் தெளிவாக வந்தது; நூல்கள் இல்லை, ஒரு மென்மையான கறை. மையாவைச் சுற்றி மிக மெல்லியதாக, உண்டா இல்லையா என்று இரண்டு நாள் ஐயுற்று, படங்களை இரு பாதிகளாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்கிப் பார்த்தேன். இரண்டிலும் அதே இடத்தில் இருந்தது. அன்று நான் பட்ட மகிழ்ச்சியை முதற்படம் எனக்கு ஒருநாளும் தரவில்லை. வலது மூலையில் ஒரு தூசித் தழும்பு முழுமையாக நீங்காமல் நின்றுவிட்டது. விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் போய்ச் சொல்வதற்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். கட்டிலருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தீட்டினேன் என்ற சொல்லைச் சொல்லும்போது என் குரல் எட்டு வயதுப் பையனுடையதாக இருந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. வாசலில் ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"எவ்வளவு உன்னது, எவ்வளவு பாத்துப் போட்டது?" என்றார்.

"விண்மீன் எல்லாம் என்னதுப்பா. நீலத்திலே முக்காலும் பாத்துப் போட்டது."

"எனக்கு அந்த நீலம்தானே ஐயா தெரிஞ்சுது" என்றார். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருக்கலாம்.

புதிய படத்தை அவர் கையில் கொடுத்தேன். முகத்தைத் திருப்பி ஓரத்துப் பார்வையால் தேடினார். மங்கலான விண்மீனைப் பார்க்க விரும்பும் எவரும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நேரே நோக்காமல் சற்று விலகி நோக்கினால்தான் இருளுக்குரிய விழியணுக்கள் வேலை செய்யும் என்று நான் பழகத் தொடங்கியபோது படித்தேன். அப்பாவுக்கு இப்போது அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

"நீலம் தெரியலை" என்றார். "பொட்டு தெரியுது. ஒண்ணு, ரெண்டு..." விரலை வைத்து எண்ணினார். நாலில் நிறுத்திவிட்டார். மற்ற இரண்டின் மேல் நான் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தேன்.

"அந்தப் பிள்ளை சாயங்காலம் வரும். நீயே சொல்லிரு" என்றார்.

சொன்னேன். அவள் இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வலது மூலையைக் காட்டி, "இது என்ன மாமா?" என்றாள். தூசி, என் ஆடியில் இருந்தது, வானத்தில் இல்லை என்றேன். "அப்போ இது நிச்சயமா நீங்க எடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினாள்.

புதிய படத்தைப் பழைய சட்டத்திலேயே போட்டுவிடச் சொன்னார் அப்பா. வேறு சட்டத்துக்கு வீண் செலவு எதற்கு என்றார். படம் அளவில் சிறியதாக இருந்தது. பின்னால் தாங்கக் கெட்டியான அட்டை வேண்டியிருந்தது. பழைய படத்தையே, அச்சிட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி, அதற்குப் பின்னே வைத்து ஆணியடித்தேன்.